கட்டைவிரலுக்கு ஒரு ஷூ

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், வேலூரில் ஒரு மாலின் மூன்றாவது மாடியில், என் வலது கை கட்டைவிரலில் ஒரு பந்து மாட்டிக்கொண்டது.

பந்து என்றால் டென்னிஸ் பந்து இல்லை. பவுலிங் பந்து. நல்ல கனம். அதில் மூணு ஓட்டை இருக்கும். ரெண்டில் நடுவிரலும் மோதிர விரலும் போகும், மூணாவதில் கட்டைவிரல். தூக்கிக்கொண்டு நாலு எட்டு வைத்து உருட்டிவிட்டால், அது போய் அந்தக் கடைசியில் பாட்டில் மாதிரி நிற்கிற பத்து பின்களைச் சாய்க்க வேண்டும்.

பந்து போகும், விரல் நம்மிடமே இருக்கும். அதுதான் ஏற்பாடு.

எனக்கு அந்த ஏற்பாடு நடக்கவில்லை.

பேரன் பேத்தி எடுக்கிற வயசில் உனக்கு எதுக்கய்யா இந்த வேலை என்று கேட்பீர்கள். கேளுங்கள். வீட்டில் ஏற்கெனவே கேட்டாயிற்று.

எல்லாம் என் மகள் நித்யாவின் கல்யாணத்துக்காக.

நித்யாவுக்கு பெங்களூரில் வேலை. மாப்பிள்ளை பிரபுவுக்கும் அங்கேதான். பிரபுவின் அப்பா ஏகாம்பரம், ஜோலார்பேட்டைக்காரர். ரயில்வேயில் கார்டாக இருந்து ரிட்டயர் ஆனவர். தங்கமான மனுஷன். பேச ஆரம்பித்தால் மட்டும் எந்த ஸ்டேஷனிலும் நிற்க மாட்டார்.

ஜாதகம் பொருந்தியது. புடவை பொருந்தியது. தை மாதத்தில் ஒரு புதன்கிழமை முகூர்த்தம், அதுவும் சரி. மண்டபம் எந்த ஊரில் என்பதில்தான் வந்தது வினை. எங்கள் பக்கத்தில் கல்யாணத்தை மாப்பிள்ளை வீட்டார் எடுத்துச் செய்வதுதான் வழக்கம். முந்தின நாளே வந்து பெண்ணை அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். அந்தக் கணக்கில் ஜோலார்பேட்டைதான் நியாயம். எனக்கும் தெரியும்.

ஆனால் எனக்கு ஆம்பூரில் நடக்கணும். ஏன்?

வாராவாரம் இந்தப் பக்கத்தைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். எழுதுவது என் சைடு பிசினஸ். பகலில் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் ஃபிட்டிங் பார்க்கிறவன் நான். என் மனைவி மல்லிகாவும் அதே கம்பெனியில் ஸ்டிச்சிங் லைனில் இருந்தவள். நித்யா வளர்ந்தது அங்கே இருக்கிற க்ரெச்சில். அவளுக்குப் பாதி சோறு மல்லிகா ஊட்டினாள், மீதி அந்த லைன் பெண்கள் ஊட்டினார்கள். டீ பிரேக் விட்டால் போதும், யார் முதலில் ஓடிவந்து அவளைத் தூக்குவது என்று போட்டியே நடக்கும்.

கல்யாண நாளோ வேலை நாள். ஆர்டர் சீசன் வேறு, ஒருத்தருக்கும் லீவ் கிடைக்காது. ஆம்பூர் என்றால் மண்டபம் கம்பெனிக்கு அடுத்த தெரு. லஞ்ச் பிரேக்கில் கும்பலாக வந்து, பெண்ணைப் பார்த்து, ரெண்டு போட்டோ எடுத்துக்கொண்டு ஓடிவிடலாம். ஜோலார்பேட்டை என்றால் ஒருத்தரும் வர முடியாது. லைன் சூப்பர்வைசர் எஸ்தர் அக்கா என்னை ஒரே ஒரு தடவை கேட்டார். "கல்யாணம் எங்க சார் வெக்கிறீங்க?" "இன்னும் முடிவாகலக்கா" என்று சொல்லி நழுவினேன். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

போனில் சண்டை ஆரம்பித்தது.

"ஜோலார்பேட்டைல நிக்காத வண்டி எது, சொல்லுங்க சம்பந்தி? உங்க ஊர்ல எத்தினி வண்டி நிக்குது?"

"எங்க ஊர்ல ரயில் நிக்க வேணாம் சம்பந்தி. சாப்பிடறதுக்குன்னே ஜனங்க ஹைவேல காரை நிறுத்துறாங்க."

இப்படியே ஒரு மாசம். நடுவில் மாட்டிக்கொண்ட நித்யா ஒரு நாள் பேஜாராகிச் சொன்னாள். "ப்பா, நீயும் மாமாவும் ஒரு கேம் பவுலிங் ஆடுங்க. யார் ஜெயிக்கிறாங்களோ அவங்க ஊர்ல கல்யாணம்."

அவள் சொன்னது கிண்டலுக்கு. அவளும் பிரபுவும் சனி ஞாயிறில் பவுலிங் போகிறவர்கள், அந்தப் பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. எங்கள் இரண்டு பேருக்கும் அது கிண்டலாகவே படவில்லை என்பதுதான் விசேஷம். "சரிம்மா, என்னிக்கு?" என்றார் சம்பந்தி. நானும் காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தேன்.

பிள்ளைகள் ஒரு தடவை எங்களை அழைத்துப்போய்ப் பழக்கினார்கள். அங்கேதான் கண்டுபிடித்தேன், இந்த விளையாட்டில் கையோ காலோ கண்ணோ முக்கியமில்லை. கட்டைவிரல் ஓட்டைதான் முக்கியம். ஓட்டை பெரிசாக இருந்தால் பந்து விழாமல் இருக்க விரலை மடக்கி இறுக்கிப் பிடிக்கணும். நாலாவது தடவை கை மரத்துப்போகும். சின்னதாக இருந்தால் விரல் போகாது, போனால் வராது. நடுவில் ஒரு அளவு இருக்கிறது. தோல் சுற்றிலும் லேசாக உரசிக்கொண்டு உள்ளே போகணும், போன சுவடு தெரியாமல் வெளியே வரணும்.

அந்த நடு அளவில் அங்கே ஒரு பந்தும் இல்லை. காரணம் என் விரல். ஷூ ஃபிட்டிங் பார்க்கிறவன் நாள் பூரா என்ன செய்வான்? மாட்டியிருக்கிற ஷூவின் நுனியைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பான், கால் விரலுக்கு முன்னால் இடம் இருக்கிறதா என்று. அமுக்கி அமுக்கி என் வலது கட்டைவிரல் நுனி தட்டையாகி, கணு புடைத்துப்போயிருக்கிறது. நுனிக்கு ஒரு சைஸ், கணுவுக்கு ஒரு சைஸ். கணு நுழைகிற ஓட்டையில் நுனி ஆடும். அன்றைக்கு நான் கையைப் பின்னால் வீசினபோது பந்து பின்பக்கமே போய், மல்லிகாவின் ஹேண்ட்பேக் மேல் உட்கார்ந்தது. உள்ளே மூக்குக் கண்ணாடி இருந்தது என்று பிறகு சொன்னாள். பிறகு என்றால், இன்றுவரை.

சம்பந்திக்கு இந்தத் தொல்லையே இல்லை. அவர் விரல் எந்த ஓட்டையிலும் போகவில்லை. இரண்டு கையாலும் பந்தைத் தூக்கி, காலை அகட்டிக் குனிந்து, கார்டு பெட்டியில் பார்சல் தள்ளுகிற மாதிரி ஒரு தள்ளு தள்ளினார். ஏழு பின் விழுந்தது.

அன்றைக்கே முடிவு செய்தேன், என் விரலுக்கென்று தனிப் பந்து.

பெங்களூரில் பந்துக்கு ஓட்டை போடுகிற கடை ஒன்று இருக்கிறது. போன் செய்தேன். "கையோட வாங்க சார். அளவெடுத்து ஓட்டை போட்டு, உருட்டிப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமா செதுக்கித்தான் சரி பண்ணணும். ரெண்டு மூணு தடவை வர வேண்டியிருக்கும்" என்றார் கடைக்காரர்.

யாரிடம்? என்னிடம். ஊர் ஊராக எவன் எவன் காலுக்கோ ஃபிட்டிங் சொல்கிறவனிடம். "ஓட்டை போடாத பந்தா ஒண்ணு அனுப்புங்க, மீதியை நாங்க பாத்துக்கறோம்" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

எங்கள் சாம்பிள் செக்‌ஷன் இன்சார்ஜ் சலீம் பாய். புது டிசைன் எது வந்தாலும் முதல் ஷூ அவர் கையில்தான் பிறக்கும். பந்தை அவர் மேஜையில் வைத்தேன். நகத்தால் கீறிப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், மோந்தும் பார்த்தார்.

"பி.யூ. தான் சார். நம்ம சோல் மாதிரிதான். டிரில் பண்ணிடலாம்" என்றார்.

அப்புறம் நடந்ததெல்லாம் முழுக்க முழுக்க ஷூ கம்பெனி வேலை. என் கட்டைவிரலுக்குப் பிளாஸ்டர் அச்சு எடுத்தார்கள். அதை வைத்து ஷூவுக்குச் செய்கிற மாதிரியே ஒரு கட்டை செதுக்கினார்கள். லஞ்ச் டைமில் பாதி கம்பெனி சுற்றி நின்று ஆளுக்கொரு யோசனை சொன்னது. வெறும் ஓட்டை விரலைக் கடிக்குமே, லைனிங் வேண்டாமா? வேண்டும். ஆட்டுத் தோல்தான் மெத்தென்று இருக்கும், வேர்வையை இழுக்கும். சலீம் பாய் அதைக் காகிதம் மாதிரி மெலிசாகச் சீவி, சொல்யூஷன் போட்டு உள்ளே ஒட்டினார்.

விட்டுப் பார்த்தேன். இறுக்கமாக இருந்தது.

"கொஞ்சம் டைட்டா இருக்கே பாய்."

"புதுசுல அப்டிதான் சார் இருக்கும். லெதரு, போட்டுப் போட்டு இடம் குடுக்கும். உங்களுக்கு நான் சொல்லணுமா?"

சொல்ல வேண்டியதே இல்லை. அது நானே கஸ்டமர்களிடம் தினமும் சொல்கிற வசனம்.

புது ஷூ வாங்கினால் என்ன செய்வோம்? வீட்டுக்குள் போட்டுக்கொண்டு நடந்து பழக்குவோம். நான் பந்தைப் போட்டுக்கொண்டு பழக்கினேன். டீ குடிக்கும்போது பந்து. நியூஸ் பார்க்கும்போது பந்து. படுக்கப் போகுமுன் ஓட்டையில் பேப்பரைச் சுருட்டி அடைத்துவைப்பேன். மல்லிகா முதல் நாள் என்னைச் சுற்றிப் பெருக்கிவிட்டுப் போனாள். ரெண்டாம் நாள் சாம்பார் கரண்டியோடு வந்து எதிரில் நின்றாள்.

"இன்னாங்க இது? கையில குண்டை மாட்டிகினு உக்காந்துகினு இருக்கீங்க. யார்னா வந்தா இன்னா சொல்றது?"

"பழகுதுன்னு சொல்லு."

பந்தோடு தெருமுனை கடை வரைக்கும் போய்வந்தேன். கடைக்காரர் பந்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பாலைக் கொடுத்தார். ஆம்பூரில் இது ஒரு வசதி. கையில் எதை எடுத்துக்கொண்டு போனாலும் கம்பெனி சாம்பிள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அந்த வாரக் கடைசியில் அதிசயம் நடந்தது. ஆட்டுத் தோல் அமுங்கி, விரல் வெண்ணெயில் போகிற மாதிரி போய்வந்தது. நான் பெருமையில் ஒரு சுற்று பெருத்தேன். பெங்களூர் கடைக்காரருக்கு போன் செய்து சொல்லலாமா என்றுகூட யோசித்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஆளுக்குப் பத்து முறை ஆட வேண்டும். மல்லிகா, நித்யா, பிரபு மூணு பேரும் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்து லேனில் ஏதோ பிறந்தநாள் பார்ட்டி. சம்பந்தி தள்ளினார், நான் உருட்டினேன். என் பந்து சொன்னபடி கேட்டது. ஒன்பது முறை முடிந்தபோது நான் ரெண்டு பின் முன்னால் இருந்தேன். என் மனசில் ஆம்பூர் மண்டபத்து வாசலில் வாழைமரமே கட்டியாகிவிட்டது.

இப்போது ஒரு கேள்வி. ஷூ வாங்க எந்த நேரம் நல்ல நேரம்? சாயங்காலம். ஏன்? நாள் பூரா நடந்து கால் வீங்கியிருக்கும், அந்த அளவுக்கு வாங்கினால்தான் கடிக்காது. எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். கட்டைவிரலும் அப்படித்தான் வீங்கும் என்று எனக்கு எவனும் சொல்லவில்லை. போதாததற்கு அந்த ஆட்டுத் தோல் என் வேர்வையை எல்லாம் குடித்து உப்பியிருக்கிறது.

பத்தாவது முறை. ஓடினேன். வீசினேன். பந்து கிளம்பியது. விரல் விடவில்லை.

நானும் கிளம்பினேன்.

பந்து வழுக்கிப் போவதற்காக அந்தத் தரையில் எண்ணெய் பூசியிருப்பார்கள். பந்து மட்டும்தான் வழுக்கும் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. குப்புற விழுந்து, கையை நீட்டினபடி, பந்து இழுத்த வழிக்குப் போனேன். பின்னால் சம்பந்தி இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி நின்றாராம். கொடி கையில் இல்லாத கார்டு ஆபத்துக்குக் காட்டுகிற சிக்னல் அது. நான் எதிரில் வருகிற வண்டி இல்லையே, எனக்கெப்படித் தெரியும்?

அங்கே வேலை செய்கிற பெண் ஓடிவந்து, படுத்துக்கிடந்த என்னிடம் சொன்னாள். "சார், லேன் உள்ள போகக் கூடாது."

தூக்கி உட்காரவைத்தார்கள். பிரபு இழுத்துப் பார்த்தான். சோப்புத் தண்ணீர் என்றார் ஒருத்தர். பாப்கார்ன் வெண்ணெய் என்றார் இன்னொருத்தர். மல்லிகா வீடியோ காலில் சலீம் பாயைக் கூப்பிட்டு, போனை என் விரலுக்கு நேரே பிடித்தாள்.

"எண்ணெய், தண்ணி எதுவும் ஊத்தாதீங்கம்மா. லைனிங் இன்னும் ஊறும்" என்றார் பாய், டாக்டர் மாதிரி. "இழுக்கவும் வேணாம். கையை நெஞ்சுக்கு மேல தூக்கி வைங்க. வீக்கம் வடியட்டும், தோலு காயட்டும். தானா வரும்."

கையைத் தூக்குவது சுலபம். கையோடு அந்தப் பந்தையும் சேர்த்து எவ்வளவு நேரம் தூக்கி வைத்திருப்பது? சம்பந்தி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். என்னைக் கீழே அவர் பக்கத்தில் உட்காரச் சொன்னார். பந்தைத் தூக்கித் தன் தோளில் வைத்து, ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டார். என் கை மேலே, நான் கீழே.

பிறந்தநாள் பார்ட்டி கேக்கை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தது. ஒரு அம்மா மல்லிகாவின் காதில் மெதுவாகக் கேட்டார், "வேண்டுதலுங்களா?"

அப்புறம் சம்பந்தி கேட்டார்.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க. ஆம்பூர்ல நடக்கணும்னு இன்னா அவ்ளோ புடிவாதம்?"

போனில் ஒரு மாசம் சண்டை போட்டபோது நான் ஹைவேயைப் பற்றிச் சொன்னேன், மண்டபத்து ஏசியைப் பற்றிச் சொன்னேன். உண்மைக் காரணத்தை மட்டும் சொல்லவே இல்லை. இப்போது சொன்னேன். லஞ்ச் பிரேக்கைச் சொன்னேன். எஸ்தர் அக்கா கேட்டதையும் நான் நழுவினதையும் சொன்னேன். "அவங்க வளத்த பொண்ணு சம்பந்தி. அவங்க பாக்காம நான் தாரை வாக்கறது எனக்குக் கஷ்டமா இருக்கு."

அவர் பந்தைத் தோளில் கொஞ்சம் சரிசெய்துகொண்டார்.

"நான் ஏன் ஜோலார்பேட்டை கேக்கறேன்னு சொல்லட்டுமா? சர்வீஸ்ல இருந்தவரைக்கும் வீட்ல எந்த நல்லது நடந்தாலும் நான் ஏதோ ஒரு வண்டியில இருப்பேன். என் தங்கச்சி கல்யாணத்துக்கே கடைசிப் பந்தியிலதான் உக்காந்தேன், யூனிஃபார்மோட. எங்க ஊர்ல, எங்க ஜனங்களை, ஒரு வாட்டி வாசல்ல நின்னு வாங்க வாங்கன்னு கூப்டணும். அவ்ளோதான் ஆசை."

இந்த மனுஷனிடமா ஒரு மாசமாக மல்லுக்கு நின்றேன்?

"ஜோலார்பேட்டைலயே வெச்சுக்கலாம் சம்பந்தி" என்றேன்.

"அதெல்லாம் ஒண்ணும் வேணாம். ஆம்பூர்தான்."

"வழக்கம்னு ஒண்ணு இருக்கில்ல? மாப்பிள்ளை வீடுதான் செய்யணும்."

"வழக்கம் கெடக்குது. அந்தப் பொம்பளைங்க வர வேணாமா?"

"நீங்க வாசல்ல நிக்க வேணாமா?"

குரல் ஏறியது. பழைய சண்டையைவிட இது ஜாஸ்தி. நித்யா தலையில் கைவைத்துக்கொண்டாள். "ப்பா, கையைப் பாரு" என்றாள்.

பார்த்தேன். இரண்டு கையையும் ஆட்டி ஆட்டிப் பேசிக்கொண்டிருக்கிறேன். பந்து அவர் தோளிலேயே இருக்கிறது. எப்போது வெளியே வந்ததோ, எங்கள் இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

பிரபு பொதுவாகச் சொன்னான், ஆளுக்கு ஒரு முறை பாக்கி இருக்கிறது, ஆட்டத்தை முடித்துவிடலாம், பேச்சுப்படி ஜெயித்தவர் ஊர். உடனே எங்கள் இரண்டு பேர் மூஞ்சியிலும் ஒரே கள்ளத்தனம். இருபதடி தள்ளி நின்று பார்த்தாலும் தெரிந்திருக்கும்.

நான் முதலில் போனேன். அங்கே இருந்த ஒரு பந்தை இடது கையால் எடுத்து, நேராக ஓரத்துப் பள்ளத்தில் விட்டேன். ஒரு பின்கூட அசையவில்லை. திரும்பி வந்து கம்பீரமாக உட்கார்ந்தேன்.

சம்பந்தி என்னை முறைத்தார். பந்தை எடுத்தார். பள்ளத்தையே குறிவைத்து, ஓரமாக நின்று, ஒரு தள்ளு தள்ளிவிட்டுப் பின்னால் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்து வந்தார். பந்து பள்ளத்து விளிம்பிலேயே போனது. இதோ விழும், இதோ விழும்... கடைசியில் அதற்கு என்ன தோன்றியதோ, உள்பக்கம் வளைந்தது.

பத்தும் விழுந்தது. மேலே ஸ்கோர் காட்டுகிற ஸ்கிரீனில் ஒரு கோழி வந்து டான்ஸ் ஆடியது.

வாழ்க்கையில் முதல் தடவையாகப் பத்தையும் விழவைத்த மனுஷன் குற்றவாளி மாதிரி நின்றார். "சத்தியமா வேணும்னு பண்ணல சம்பந்தி" என்றார். ஆக, கல்யாணம் ஜோலார்பேட்டையில்.

பார்க்கிங்கில் கார் கதவைப் பிடித்துக்கொண்டே யோசித்தார். "தாலி காலையிலயே கட்டிடுவோம். உங்க கம்பெனில லஞ்ச் பிரேக் மத்தியானம்தானே? பொண்ணு மாப்பிள்ளையை மாலையோட நானே கூட்டிகினு வர்றேன். அவங்க வர முடியலன்னா நாம போறோம். இதுக்கா இவ்ளோ நாள் அடிச்சிகினோம்?"

மறுநாள் எஸ்தர் அக்காவிடம் சொன்னேன், பெண்ணும் மாப்பிள்ளையும் கம்பெனி கேட்டுக்கு வருவார்கள் என்று. அவர் ஓடிக்கொண்டிருந்த மெஷினை நிறுத்தினார். ஆர்டர் சீசனில் அவர் மெஷினை நிறுத்தி நான் பார்த்ததில்லை.

"கேட்ல வேணாம் சார்" என்றார். "எங்க லைன் வழியா நடந்து வரட்டும். எல்லாரும் பாக்கணும்."

மேனேஜர் யோசித்துவிட்டுச் சரி என்றார், ஒரே ஒரு கண்டிஷன். ஃபேக்டரிக்குள் செருப்பு கூடாது. மூடின ஷூதான் போடணும். கல்யாணப் பெண்ணாக இருந்தாலும் சேஃப்டி ரூல் ரூல்தான்.

ஆக, என் மகள் பட்டுப்புடவைக்கு ஷூ. அந்த வாரமே சனிக்கிழமை லீவில் வந்திருந்தாள். சலீம் பாய் அரக்குக் கலர் தோலை மேஜையில் விரித்துவைத்து, அவள் பாதத்தைப் பேப்பரில் வரைந்து, டேப்பால் சுற்றி அளந்தார். கட்டைவிரலில் கட்டோடு நான் பக்கத்தில் நின்றேன்.

"ஃபிட்டிங் எப்டி சார் வெக்கலாம்?" என்றார். "நல்லா புடிச்ச மாதிரியே வெச்சிடட்டுமா? போகப் போக இடம் குடுக்கும்."

"வேணாம் பாய்" என்றேன். "முதல் நாள்லயே இடம் இருக்கட்டும்."